லயலின் எண்ணில் மார்னி

மார்னி முதல் நாள் வேலைக்கு வந்த காலையில் ஏரிப் பக்கமிருந்து பனி சரிந்து அடித்துக்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கி ஆலையின் பக்கவாட்டுக் கதவுக்கு நடக்கிற அந்தச் சின்னத் தூரத்துக்குள், பள்ளிக்கூடச் சமையலறையை மூடி அவளை வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திட்டி முடித்தாள், என் தொப்பியைக் கிண்டல் செய்தாள், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எந்தக் கடைக்குப் போவது என்பதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். என் மனைவிக்கு வாய் ஓயாது. எங்கள் வீட்டில் ரேடியோ வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நான் கர்ட் பிலார்ஸ்கி. விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்து, இந்த ஆலையிலேயே சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவன். பனி அள்ளும் இயந்திரங்களுக்கு வேண்டிய தகடுகளைப் பிரஸ்ஸில் அழுத்தி வளைப்பதுதான் இங்கே வேலை. பழைய செங்கல் கட்டடம். ஏதோ ஒரு காலத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் பச்சைச் சாயம் பூசிவிட்டார்கள். வெளியே நல்ல வெயிலாக இருந்தாலும் உள்ளே பாசி பிடித்த வெளிச்சம்தான். எண்ணெய் வாசனை, சூடான இரும்பு வாசனை, பிரஸ் இறங்கும்போது தரை வழியாக முழங்காலுக்கு ஏறுகிற அதிர்வு. பழகிய எங்களுக்கு இதெல்லாம் உறைப்பதில்லை.

மார்னி நான்காம் பிரஸ் பக்கத்தில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"கர்ட், இங்க யாரு தைலம் தேய்ச்சிருக்கா? வலிக்குப் பூசுவாங்களே, அந்த வாசனை."

 அந்த வாசனையை நானும் கொஞ்ச நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் வெர்ன் ஸாஸ்ட்ரோ வந்து சேர்ந்தான். "வா மார்னி. ஒண்ணு சொல்லிடறேன், பிரஸ் சத்தத்துல உன் பேச்செல்லாம் இங்க எடுபடாது."

"பிரஸ்தான் பாவம் வெர்ன். பழகிக்கட்டும்."

ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் புதிதாக ஒரு திரை மாட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் கதவருகே ஒரே ஒரு பெட்டிதான். அதில் அவரவர் பணியாளர் எண்ணைத் தட்டினால் வருகை பதிவாகிவிடும். இனிமேல் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்டு. எந்த லாகின் எந்தப் பணியாளர் எண்ணோடு சேர்ந்திருக்கிறதோ, அந்த எண்ணின் கணக்கில் வேலை நேரம் ஏறும். வெர்ன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். மார்னி அதைப் பார்த்துத் தன் லாகினைத் தட்டினாள்.

திரையில் எழுத்து வந்தது.

'காலை வணக்கம், லயல் டாம்பெக். நீங்கள் ஏற்கனவே வேலையில் இருக்கிறீர்கள்.'

மார்னி வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்கே! அது யாரு லயல்?"

பக்கத்துப் பிரஸ்ஸில் இருந்த புட்ச் சட்டென்று திரும்பிக்கொண்டான். நான் வெர்னைத் தள்ளிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"கத்தாத. தலைமை அலுவலகத்துல புது எண் தர மாட்டேங்கறான். இருக்கற எண்ணுக்குள்ள ஆளப் போடுங்கறான். லயலோட எண்ணுக்கு லாகின் இல்ல, உன் பொண்டாட்டி லாகினுக்கு எண் இல்ல. சேர்த்துட்டேன். புது எண் வந்ததும் மாத்திடலாம்."

"செத்தவன் எண்ணுடா அது."

"அது தலைமை அலுவலகத்துக்குத் தெரியாதே" என்றான் வெர்ன்.

லயல் டாம்பெக் நான்காம் பிரஸ்காரன். பேசவே மாட்டான். காலையில் தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டு வந்து நின்றால், வேலை முடியும் வரை இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு பொத்தான்களை விட்டு நகராது. இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மான் வேட்டை சீசன் முடிந்த வாரம், நின்றபடியே லயலின் மார்பு அடைத்துக்கொண்டது. கைகளைப் பொத்தான்களிலிருந்து பிரித்து எடுத்துத்தான் அவனைத் தூக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே ஆள் போய்விட்டான்.

அவன் மனைவி அயோனுக்கு வயிற்றில் கட்டி, அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். லயலின் வேலை போனால் அவளுடைய மருத்துவக் காப்பீடும் போய்விடும். தாமதமாக வருகிறவனுக்காகக் கூட்டாளி அவன் எண்ணைத் தட்டி வைப்பது எங்கள் ஆலையில் தாத்தா காலத்துப் பழக்கம். மறுநாள் காலை புட்ச் தன் எண்ணைத் தட்டினான், பிறகு லயலின் எண்ணையும் தட்டினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஆளாளுக்கு முறை வைத்துத் தட்டினோம். தலைமை அலுவலகம் எங்கோ டென்னசியில் இருக்கிறது. அங்கிருப்பவர்களுக்கு எண் வந்தால் ஆள் வந்த மாதிரி. எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அயோனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, பிழைத்தாள்.

அதன் பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் லயலின் எண் தினமும் பதிவாகிக்கொண்டே இருந்தது. நான் புட்ச் தட்டுகிறான் என்று நினைத்தேன். புட்ச், வெர்ன் தட்டுகிறான் என்று நினைத்தான். வெர்ன் என்னை நினைத்துக்கொண்டிருந்தான்.

யாரும் தட்டவில்லை.

மார்னிக்கு இதையெல்லாம் அன்று மாலை காரில் சொன்னேன். "அட, அந்தம்மா பிழைச்சா சரி. நான் லயலாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள். எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. பயமும் கொஞ்சம் வந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

பிரஸ்ஸில் புதிதாக நிற்பவர்களுக்குக் கை வேகம் வர மாதக்கணக்காகும். மார்னிக்கு அந்த வாரத்திலேயே வந்துவிட்டது. தகட்டை வைப்பாள், உள்ளங்கைகளைப் பொத்தானில் அழுத்துவாள், எடுப்பாள், அடுத்ததை வைப்பாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெர்ன் வாயைப் பிளந்தான். புட்ச் மட்டும் என் ஃபோர்க்லிஃப்ட் அருகே வந்து கிசுகிசுத்தான்.

"டேய், அவ இடது தோளப் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மார்னியின் இடது தோள் லேசாக மேலே ஏறி இறங்கியது. லயலுக்கு அந்தத் தோளில்தான் வலி.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போனோம். கடையில் கூட்டம், ஒரே கூச்சல். மார்னி பேசவில்லை. தட்டு வந்தது. அவள் முள்கரண்டியைத் தொடவில்லை. மேசையின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கைகளை வைத்து அழுத்தினாள். விட்டாள். மறுபடியும் அழுத்தினாள்.

"மார்னி."

"ம்?"

"என்ன பண்ற?"

அவள் தன் கைகளை யாருடையதோ என்பது போலக் குனிந்து பார்த்தாள். "தெரியல" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. 

வேலை முடிந்ததும் நான்காம் பிரஸ்ஸில் காலிப் பெட்டியை வைத்துவிட்டுப் போவது என் பொறுப்பு. திங்கட்கிழமை காலை நாங்கள்தான் முதலில் வந்தோம். விளக்கைப் போட்டேன். வைத்துவிட்டுப் போன பெட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. எல்லாம் வளைத்து முடித்த தகடுகள். கட்டடமே உறைந்துபோயிருந்த காலை அது, மூச்சு புகையாகத் தெரிந்தது.

தகடுகள் சூடாக இருந்தன.

திரையில் பார்த்தேன். லயல் டாம்பெக் சனி, ஞாயிறு விடுமுறை முழுக்க வேலையில் இருந்ததாகக் காட்டியது. மார்னி வெள்ளிக்கிழமை வேலையை முடித்து லாகினை விட்டு வெளியேறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

"எனக்குக் கால் வலிக்குது கர்ட்" என்றாள் மார்னி, என் பின்னாலிருந்து. "ரெண்டு நாளும் நின்னுட்டே இருந்த மாதிரி வலிக்குது."

அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் வட்டமாக, பொத்தான் அளவுக்கு, கன்றிப்போய்க் கறுத்திருந்தது.

நேராக வெர்னின் அறைக்குப் போனேன். புட்ச்சும் கூடவே வந்தான். "இப்பவே பிரிச்சு விடு" என்றேன். வெர்ன் விசைப்பலகையைத் தட்டினான். எண்ணையும் லாகினையும் பிரிக்கும் இடத்துக்குப் போனான். 'இவர் வேலையில் இருக்கிறார். வேலை நேரம் முடிந்த பிறகே மாற்ற முடியும்' என்று வந்தது.

"அப்ப வேலைய முடி."

"அவங்கவங்க பிரஸ்ல அவங்கவங்கதான் முடிக்கணும். அதுக்குத்தானே இந்தக் கருமத்தையே கொண்டுவந்தாங்க, ஒருத்தனுக்காக இன்னொருத்தன் தட்டக் கூடாதுன்னு."

நான்காம் பிரஸ்ஸுக்குப் போனோம். மார்னி 'முடிக்கவும்' என்பதை அழுத்தினாள். திரை கேட்டது.

'இத்தோடு முடிக்கிறீர்களா, லயல்?'

கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மார்னியின் விரல் 'ஆம்' பக்கம் போனது. நடுவில் நின்றது.  பிறகு நகர்ந்துபோய் 'இல்லை'யை அழுத்தியது.

"நான் அழுத்தல" என்றாள். "சத்தியமா நான் அழுத்தல கர்ட்."

மறுபடி முயன்றாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை அவள் கையைப் பிடித்து நானே அழுத்தப் பார்த்தேன். நான் பெட்டி தூக்கிப் பழகியவன். அந்த ஒற்றை விரலை என்னால் அசைக்க முடியவில்லை. என் காதருகே தைல வாசனை குப்பென்று அடித்தது.

மறுநாள் அவளை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். வெளியே பூட்டுப் போடாத குறைதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தேன். சமையலறை மேடையின் இரண்டு முனையிலும் கையை வைத்து, அழுத்தி, விட்டு, அழுத்திக்கொண்டிருந்தாள். அடுப்பு மேல் ஏதோ தீய்ந்து கருகிப்போயிருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"என்னைய அங்கயே கொண்டு விடு. அங்க நின்னா கொஞ்சம் வலி கம்மியா இருக்கு."

கொண்டு விட்டேன். வேறு என்ன செய்ய? ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள் மாலையே போய்ப் பார்த்தாகிவிட்டது. ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். ஓய்வு!

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். லயல் இறந்துவிட்டான் என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவது. எண்ணை அவர்கள் மூடிவிட்டால் மார்னியின் லாகின் தானாகக் கழன்றுவிடும் என்று வெர்ன் சொன்னான். சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"சொன்னா எல்லார் வேலையும் போகும்டா. அயோனுக்கு இன்னொரு சிகிச்சை பாக்கி இருக்கு, அதுவும் நின்னுடும். ஒரு வாரம் பொறு."

"உன் பொண்டாட்டியா இருந்தா பொறுப்பியா?"

அவன் கையை எடுத்துவிட்டான்.

அயோனிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். மெலிந்து, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். அதிர்ச்சியே காட்டவில்லை.

"அவர் செத்துட்டார்னு சொல்லிடு கண்ணு. நானே சொல்லியிருக்கணும்."

"உங்களுக்குக் காப்பீடு..."

"இருக்கட்டும். நீங்க எல்லாரும் நல்லதுன்னுதான் செஞ்சீங்க. ஆனா அந்த மனுஷன் உயிரோட இருந்தப்பவே போதும்னு கைய எடுக்கத் தெரியாதவர். தினமும் காலையில நீங்க கூப்பிட்டா வராம என்ன செய்வார்?" என் கன்னத்தைத் தொட்டாள். "அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போ. சீக்கிரம்."

ஆலைக்குத் திரும்பி, வெர்னின் அறையிலிருந்தே போன் செய்தேன். கண்ணாடி வழியாக மார்னியின் முதுகு தெரிந்தது. தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஒரு பெண், இனிமையான குரல்.

"லயல் டாம்பெக் இறந்துட்டார் மேடம். நவம்பர்லயே."

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஒரு நிமிஷம்." விசைப்பலகைச் சத்தம். "ஆச்சு, இறந்துட்டார்னு போட்டுட்டேன்."

எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. "அந்த எண்ணோட என் மனைவி லாகின் சேர்ந்திருந்துச்சு. மார்னி பிலார்ஸ்கி. இப்ப கழண்டுடுச்சா?"

மறுபடியும் விசைப்பலகைச் சத்தம்.

"சார், ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான். எனக்கு ரெண்டு பேரா காட்டல."

"மார்னின்னு தேடிப் பாருங்க. என்ன காட்டுது?"

"இறந்துட்டாங்கன்னு காட்டுது சார்."

"திருப்பிப் போடுங்க!"

"செத்தவங்களத் திருப்பிப் போட இதுல வழி வைக்கல சார்" என்றாள் அவள். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகு இல்லை.

ஓடினேன். நான்காம் பிரஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் யாரும் இல்லை. இரண்டு பொத்தான்களின் மேலும் மார்னியின் கையுறைகள் இருந்தன. உள்ளே கை இருப்பது போல விரல்கள் உருண்டு நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டையாகிப் படிந்தன.

பிரஸ் நின்றது.

"இப்பதான்டா இங்க நின்னா" என்றான் புட்ச். அவன் உதடு வெளுத்திருந்தது. "தகடு எடுக்க அந்தப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான்."

திரையில், 'இந்தப் பிரஸ்ஸில் யாரும் இல்லை.'

போலீஸ் வந்தது. கூரை, கிடங்கு, ஏரிக்கரை எல்லாம் தேடினார்கள். கதவு கேமராவில் மார்னி காலையில் உள்ளே வருவது தெரிந்தது. வெளியே போவது எதிலும் இல்லை. என்னையும் உட்காரவைத்து நாள் முழுக்கக் கேட்டார்கள். கேட்டவருக்குக் கடைசியில் என்னைவிட அலுத்துவிட்டது. வெர்னுக்கு வேலை போனது. அயோனின் காப்பீடும் போனது. அவளை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். 

நான்காம் பிரஸ் பக்கம் இப்போது தைல வாசனை இல்லை. லயல் வீட்டுக்குப் போய்விட்டான், அவனுக்கு எழுத்துப்படி விடுதலை கிடைத்துவிட்டது. மின் இணைப்பைத் துண்டித்து, பிரஸ்ஸுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் காலையில் நான் போகும்போது அங்கே பெட்டி நிறைந்திருக்கிறது. புதிய மேற்பார்வையாளர் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நானும் எடுத்துக்கொண்டுபோய் மற்றதோடு வைத்துவிடுகிறேன். வேறு ஊருக்குப் போய்விடு என்று என் அண்ணன் சொல்கிறான். அவளை விட்டுவிட்டு எங்கே போவது?

வேலை முடிந்து சங்கு ஊதியதும் காரில் ஏறி எஞ்சினைப் போடுகிறேன். உடனே பக்கத்துச் சீட்டுக்கான எச்சரிக்கைச் சத்தம் கேட்கத் தொடங்கும், ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் வருமே, அந்தச் சத்தம். நான் கையை நீட்டி, காலிச் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுகிறேன். அது சீட்டில் படியாமல், எதன் மேலோ இறுகி நிற்கிறது. ஆலையின் வெளிக் கேட் வரை அப்படியே வருகிறது. கேட்டைத் தாண்டியதும் தொய்ந்து விழுந்துவிடுகிறது.

மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வேகமாக ஓட்டிப் பார்த்தேன். நேற்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அந்தச் சீட்டின் மேல் விரித்து வைத்தபடி ஓட்டினேன். உள்ளங்கையில் கன்றிப்போன ஒரு சின்னக் கை வந்து என் விரல்களைக் கோத்துக்கொண்டது. கேட் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது.